ஒரு சீட்டு, பல விமானங்கள்



கட்டுநாயக்காவில் விமானமேறும் ஒருவர் இலண்டனில் இறங்கி, அங்கிருந்து வேறொரு கம்பனியின் விமானத்தில் ரொறன்ரோ நகருக்குச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டுநாயக்காவில் அவர் ஒப்படைத்த பொதி ரொறன்ரோவிலே அவர் கைக்கு வந்து சேர்கிறது. அவர் பணம் செலுத்தியது ஓரிடத்தில். பெற்றுக்கொண்டது ஒரு சீட்டு. அவரை ஏற்றிச் சென்ற கம்பனிகளோ இரண்டு. சந்தையிலே ஒன்றன் வாடிக்கையாளரை மற்றொன்று கவர முயலும் இயல்புடையவை இக்கம்பனிகள். அவ்வாறிருக்க, ஒரு கம்பனி விற்ற சீட்டை மற்றொரு கம்பனி மறுப்பின்றி ஏற்பது எவ்வாறு? தன் கையில் ஒரு சதமேனும் கொடாத பிரயாணியை அது எதை நம்பி ஏற்றிச் செல்கிறது?

இவ்வினாவுக்கு விடை காணப் புகுவோர் விமானம் தோன்றுவதற்கு அறுபது ஆண்டுகள் முன்னே சென்று, இங்கிலாந்தின் புகையிரதப் பாதைகளிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

அந்நாட்டிற் புகையிரதப் பாதைகளை அமைத்தவை தனியார் கம்பனிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாதை, தனித்தனி எஞ்சின், தனித்தனிக் கணக்கு. இலண்டனிலிருந்து வடக்கே நெடுந்தூரம் செல்வோர் ஒரு கம்பனியின் பாதை முடியுமிடத்தில் இறங்கிப் புதிய சீட்டு வாங்கவும், பொதிகளை அடுத்த வண்டிக்கு மாற்றவும் வேண்டியிருந்தது. பாதைகள் ஒன்றோடொன்று இணைந்த பின்னரும் இந்தத் தொல்லை நீங்கவில்லை. ஏனெனில், ஒரு முழுப் பிரயாணத்துக்குச் சீட்டு விற்றால், பெற்ற பணத்தைக் கம்பனிகள் தமக்குள் எவ்வாறு பங்கிடுவது என்பதற்கு ஒரு முறை இருக்கவில்லை.

அம்முறை தோன்றுவதற்கு இருவர் காரணராயினர். ஒருவர் தோமஸ் எட்மண்ட்சன் என்னும் புகையிரத நிலைய அலுவலர். தொடரிலக்கம் அச்சிட்ட சிறிய அட்டைச் சீட்டினை 1830களின் பிற்பகுதியில் இவர் வகுத்தார். எமது நாட்டுப் புகையிரத நிலையங்களிலும் நெடுங்காலம் வழங்கிய அந்தச் சிறு அட்டையேதான். எத்தனை சீட்டுகள், எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையத்துக்கு விற்பனையாயின என்பதைத் தொடரிலக்கத்தைக் கொண்டே எவரும் சரிபார்க்க இயன்றது. மற்றையவர் கென்னத் மொரிசன் என்னும் கணக்குப் பரிசோதகர். இலண்டன் வங்கிகளின் எழுதுவினைஞர்கள் லொம்பார்ட் வீதியில் ஒரு கட்டடத்திலே கூடித் தத்தம் காசோலைகளை மாற்றிக்கொண்டு, எஞ்சிய வித்தியாசத்தை மாத்திரம் பணமாகச் செலுத்தும் வழக்கத்தை இவர் கண்டார். அவ்வழக்கத்தைப் புகையிரதக் கம்பனிகளும் கைக்கொள்ளலாம் என்றார். 1842 ஜனவரி 2ஆம் திகதி ஒன்பது கம்பனிகளோடு இலண்டனிலே புகையிரதக் கணக்குத் தீர்வு நிலையம் தன் பணியைத் தொடங்கியது.

இந்நிலையம் செய்த வேலை வெளிப்பார்வைக்குச் சிறியது. சேகரிக்கப்பட்ட சீட்டுகளைக் கொண்டு ஒவ்வொரு கம்பனிக்கும் உரிய பங்கை மைல் கணக்கில் வகுத்தது. சந்திகளிலே தன் ஆட்களை நிறுத்தி, ஒரு கம்பனியின் பாதையிலிருந்து மற்றொன்றன் பாதைக்குச் செல்லும் பெட்டிகளின் இலக்கங்களைக் குறிக்கச் செய்தது. ஆயினும் விளைவு பெரிது. 1888இலும் 1895இலும் இலண்டனிலிருந்து ஸ்கொத்லாந்துக்கு எவர் விரைந்து செல்வது என்று கிழக்குப் பாதைக் கம்பனிகளும் மேற்குப் பாதைக் கம்பனிகளும் வண்டிகளைப் போட்டி போட்டு ஓட்டின. அதே காலத்தில், அக்கம்பனிகளின் கணக்குகள் ஒரே கூரையின்கீழ்ச் சண்டையின்றித் தீர்க்கப்பட்டும் வந்தன. போட்டியும் ஒத்துழைப்பும் ஓரிடத்தில் வாழக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

எம்மவர்க்கும் இத்தகைய சீட்டு புதியதன்று. 1914ஆம் ஆண்டு தொட்டுத் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை நடந்தபொழுது, கொழும்பிற் பெற்ற ஒரே சீட்டைக் கொண்டு இலங்கை அரசாங்கப் புகையிரதம், கப்பல், தென்னிந்தியப் புகையிரதம் ஆகிய மூன்றிலும் ஏறிச் சென்னை சென்றோர் பலர். 1964 டிசெம்பர் மாதப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அவ்வழி அற்றுப்போயிற்று.

இனி, ஆகாயத்துக்கு வருவோம்.

முதலாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டாகிய 1919இல், ஐரோப்பாவின் விமானக் கம்பனிகள் சில ஹேக் நகரிலே கூடிச் சர்வதேசச் சங்கம் ஒன்றை அமைத்தன. அக்காலத்து விமானம் நெடுந்தூரம் பறக்க வல்லதன்று. இரவிற் பறப்பதும் அரிது. 1929இல் பிரித்தானியாவின் இம்பீரியல் விமானக் கம்பனி இலண்டனிலிருந்து கராச்சிக்குச் சேவை தொடங்கியபொழுது, பிரயாணிகள் பாசல் நகர்வரை விமானத்திலும், அங்கிருந்து ஜெனோவா வரை புகையிரதத்திலும், பின்னர்க் கடல் விமானத்தில் எகிப்துக்கும், அதன்பின் மீண்டும் தரை விமானத்தில் கராச்சிக்குமாகச் சென்றனர். வழி பலவாகத் துண்டுபட்டிருந்தமையால், துண்டுகளை ஒன்றாக்கும் சீட்டின் தேவை விமானப் போக்குவரத்தின் தொடக்கத்திலேயே உணரப்பட்டது.

அவ்வாண்டு ஒக்டோபர் 12ஆம் திகதி வார்சோ நகரிற் கைச்சாத்தான உடன்படிக்கை இச்சீட்டுக்குச் சட்டத்தின் வலுவை அளித்தது. சர்வதேச விமானப் பிரயாணச் சீட்டில் என்னென்ன எழுதப்பட வேண்டும் என்பதை அது விதித்தது. சீட்டுக் கொடாது ஒருவரை ஏற்றிச் செல்லும் கம்பனி, தன் பொறுப்புக்கு உடன்படிக்கை இட்ட எல்லையைக் காட்டித் தப்ப முடியாது என்றது. நாம் பேசும் பொருளுக்கு அதனினும் முக்கியமான வாசகம் ஒன்றும் அதில் உண்டு. அதன் கருத்து இது: பல கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒருவரை ஏற்றிச் செல்லினும், அதனை ஒரே முயற்சியாக இரு தரப்பினரும் கருதியிருப்பின், சட்டத்தின் முன் அது பிரிக்கப்படாத ஒரே பிரயாணம். ஒப்படைத்த பொதி காணாமற்போயின், முதற் கம்பனியிடமும் கடைசிக் கம்பனியிடமும் பிரயாணி ஈடு கேட்கலாம். 'எம்மிடம் தொலையவில்லை, அவர்களிடம் கேளுங்கள்' என்று ஒருவரை இருவரும் அலைக்கழிக்கும் வழி அன்றே அடைக்கப்பட்டது. 1999இல் மொன்றியல் நகரிற் கைச்சாத்தான புதிய உடன்படிக்கையும் இந்நெறியைக் கைவிடவில்லை.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1944 நவம்பரில், சிக்காகோ நகரில் 52 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். போர் முடிந்தபின் ஆகாய வழிகளை எவ்வாறு ஆள்வது என்பதே அவர்கள் ஆராய்ந்த பொருள். விமானங்களையும் பணத்தையும் மிகுதியாகக் கொண்டிருந்த ஐக்கிய அமெரிக்கா கட்டற்ற போட்டியை வேண்டியது. போரால் மெலிந்திருந்த பிரித்தானியா பங்கும் வரையறையும் வேண்டியது. கட்டணத்தை யார் விதிப்பது என்பதில் மாநாடு முடிவு காணவில்லை. ஆயினும், 1945 ஏப்ரிலில் விமானக் கம்பனிகள் கியூபாவின் தலைநகராகிய ஹவானாவிற் கூடிச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தைப் புதிதாக நிறுவின. தொடக்கத்தில் 31 நாடுகளைச் சேர்ந்த 57 கம்பனிகள் அதன் உறுப்பினர். 1946 பெப்ரவரியில் பெர்மூடாத் தீவில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் செய்துகொண்ட ஒப்பந்தம், கட்டணங்களை இச்சங்கத்தின் மாநாடுகளில் கம்பனிகளே பேசி முடிவு செய்யலாம், இரு அரசுகளும் அங்கீகரித்தல் வேண்டும், என்று ஓர் இடைவழியைக் கண்டது. பிரித்தானிய அரச சேவையிலிருந்து வந்த சேர் வில்லியம் ஹில்ட்றெட் அவ்வாண்டு முதல் இருபதாண்டுக் காலம் சங்கத்தின் தலைமை அதிகாரியாகப் பணியாற்றினார்.

1947இல் றியோ டி ஜனேரோவில் நடந்த மாநாட்டில் ஏறத்தாழ 400 தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. சீட்டின் வடிவம், பொதியின் நிறை, கட்டணக் கணிப்பு முதலிய அனைத்தும் அவற்றுள் அடங்கின. இம்மாநாடுகளில் நூறு விமானம் உடைய கம்பனிக்கும் ஒரு வாக்கு. மூன்று விமானம் உடைய கம்பனிக்கும் ஒரு வாக்கு. அதே ஆண்டில் இலண்டனிலே விமானக் கம்பனிகளின் கணக்குத் தீர்வு நிலையமும் திறக்கப்பட்டது. நூற்றைந்து ஆண்டுகளுக்கு முன் அந்நகரிலேயே புகையிரதக் கம்பனிகள் கண்ட முறை இவ்வாறு ஆகாயம் ஏறிற்று.

இவ்வேற்பாடு நடந்த வகையைச் சிறிது விரித்துக் கூறுதல் பொருந்தும்.

பழைய விமானச் சீட்டு ஒரு சிறு புத்தகம். பிரயாணத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அதில் ஒவ்வொரு கூப்பன் இருந்தது. எமது பங்கீட்டுக் கூப்பன் புத்தகத்தை அறிந்தோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். அந்தக் கட்டத்தில் எக்கம்பனி பிரயாணியை ஏற்றிச் சென்றதோ, அக்கம்பனி தனக்குரிய கூப்பனைக் கிழித்து வைத்துக்கொள்ளும். அக்கூப்பனே அதற்குப் பணம். சீட்டை விற்ற கம்பனியின் பெயரில் அதனைக் கணக்கிலிட்டு, தன் பங்கைக் கேட்கும். சீட்டு எண்ணின் முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்தே விற்ற கம்பனி எதுவென்று அறியலாம். ஸ்ரீலங்கன் விமான சேவைக்கு அவ்விலக்கம் 603.

பங்கு எவ்வளவு? முழுப் பிரயாணத்துக்கும் வாங்கிய கட்டணம், தனித்தனிச் சீட்டுகளின் கூட்டுத்தொகையினும் பெரும்பாலும் குறைந்தது. ஆகவே அதனைத் தூரத்தின் விகிதப்படி பிரித்தனர். 6,000 மைல் ஒரு கம்பனியும் 3,000 மைல் மற்றொரு கம்பனியும் ஏற்றிச் சென்ற பிரயாணத்துக்குக் கட்டணம் 900 ரூபா எனின், முன்னதற்கு 600, பின்னதற்கு 300. குறுந்தூரப் பறப்பில் மைலொன்றுக்குச் செலவு கூடுதல் என்பதால், காலப்போக்கில் அதற்கேற்ற திருத்தங்களும் சேர்ந்தன. பின்பு, மாதந்தோறும் எல்லாக் கணக்கும் தீர்வு நிலையத்துக்குச் செல்லும். ஒரு கம்பனி மற்றொன்றுக்கு 100 கொடுக்கவும் அதனிடம் 90 வாங்கவும் இருந்தால், கைமாறுவது 10 மாத்திரமே. அந்நியச் செலாவணியை ஒவ்வோர் அரசும் இறுகப் பற்றியிருந்த அக்காலத்தில் இதன் அருமை பெரிது.

பிரயாணிக்குக் கிடைத்த வசதியும் சிறிதன்று. இரு நகர்களுக்கிடையே இவ்வளவு மைல் வரை செல்லலாம் என்று ஓர் எல்லை குறிக்கப்பட்டது. அவ்வெல்லைக்குள் நின்று, இடையிலுள்ள நகர்களில் இறங்கித் தங்கி, வெவ்வேறு கம்பனிகளின் விமானங்களில் ஏறிச் செல்லலாம், கட்டணம் மாறாது. எல்லையைச் சிறிது மீறினால், நூற்றுக்கு ஐந்து, பத்து என்று இருபத்தைந்து வரை கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும். ஒரு கம்பனியின் விமானம் பழுதுபட்டு நின்றால், அதே சீட்டைக் கொண்டு மற்றொரு கம்பனியின் விமானத்தில் அனுப்பிவைப்பதும் எளிதாயிற்று.

சிறிய நாடுகளுக்கு இதனால் விளைந்த நன்மையை நாம் சிறப்பாக நினைத்தல் தகும். 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் தன் முதற் சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது. அதன் விமானங்கள் சில, வழிகளும் சில. அத்தகைய ஒரு சிறு கம்பனி தன் நாட்டு மக்களை உலகின் தொலை நகர்களுக்கு அனுப்ப வேண்டுமாயின், அந்நகர்களுக்கெல்லாம் தானே பறத்தல் இயலாது. பிறர் தன் சீட்டை மதித்தால் இயலும். பெரியவர்களின் பாதைகளைச் சிறியவர்களும் விற்கக்கூடிய இந்த வழியிலேதான், ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் சிறு விமானக் கம்பனிகள் உலகச் சந்தையில் இடம்பெற்றன.

நன்மையை மாத்திரம் கூறி மற்றதை மறைத்தல் நேர்மையாகாது. கட்டணங்களைப் போட்டியாளர்களே கூடி விதித்தமையால் அவை உயர்ந்தே நின்றன. தோட்டத் தொழிலாளிக்கும் சிறு உத்தியோகத்தருக்கும் விமானம் வானிற் காணும் பொருளாகவே இருந்தது. கட்டுப்பாடு உணவு வரைக்கும் சென்றது. 1958இல் அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேல் மலிவு வகுப்பு அறிமுகமானபொழுது, அவ்வகுப்பினருக்கு எளிய சான்ட்விச் மாத்திரமே வழங்கலாம் என்பது விதி. ஸ்கந்திநேவிய விமானக் கம்பனி பாணின்மேல் இறைச்சியும் மரக்கறியும் அடுக்கிச் சிறப்பாக வழங்கிற்று என்று அமெரிக்கக் கம்பனி ஒன்று முறையிட, சங்கம் 20,000 டொலர் தண்டம் விதித்தது. இன்று கேட்போர் நகைப்பர். ஆயினும், கட்டணம் கட்டுண்டபின் உணவுத் தட்டிலேனும் போட்டி தலைகாட்டும் என்ற உண்மை அதில் உண்டு.

இக்கட்டுகள் படிப்படியாகத் தளர்ந்தன. 1977 செப்டெம்பரில் சேர் பிரெட்டி லேக்கர் என்னும் ஆங்கிலேயர் இலண்டனிலிருந்து நியூயோர்க்குக்கு 59 பவுணுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் சேவையைத் தொடங்கினார். முன்பதிவு இல்லை, வரிசையில் நிற்பவருக்கே இடம். 1978இல் ஐக்கிய அமெரிக்கா உள்நாட்டு விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தை இயற்றியது. 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பிய ஒன்றியம், சங்கத்தின் கட்டண மாநாடுகளுக்குப் போட்டிச் சட்டத்திலிருந்து அளித்திருந்த விலக்கைக் கட்டங் கட்டமாக அகற்றியது. கட்டணம் குறைந்தது, முன்னர் விமானம் ஏறாதவர் ஏறினர். இது மறுக்கவொண்ணாத பெரும் பேறு.

எனினும், கட்டணத்தைக் கூடி விதித்தல் வேறு. சீட்டை ஒருவருக்கொருவர் மதித்தல் வேறு. முன்னையதன் குறை நீங்கும்பொழுது பின்னையதன் நன்மையும் மெலியத் தொடங்கியது. செலவு குறைப்பதையே நெறியாகக் கொண்ட புதிய கம்பனிகள் பல, இரு நகர்களுக்கிடையே ஏற்றி இறக்குவதோடு தம் கடமை முடிந்தது என்றன. அடுத்த கம்பனியின் சீட்டை எழுதுவதோ, பொதியை அதற்கு மாற்றுவதோ, கணக்குத் தீர்ப்பதோ அவற்றுக்கு வேண்டாத செலவு. பழைய பெருங் கம்பனிகளோ நெருங்கிய கூட்டணிகளாகத் திரண்டன. 1997இல் ஸ்டார் கூட்டணியும், 1999இல் வன்வேர்ல்ட் கூட்டணியும், 2000இல் ஸ்கைரீம் கூட்டணியும் தோன்றின. எயார் சிலோன் 1978இல் மூடப்பட்டபின், 1979இல் எயார் லங்கா என்னும் பெயரோடு பிறந்து பிற்காலத்திற் பெயர் மாறிய எமது ஸ்ரீலங்கன் விமான சேவை, 2014 மே மாதத்தில் வன்வேர்ல்ட் கூட்டணியிற் சேர்ந்தது. கூட்டணிக்கு வெளியேயுள்ள கம்பனிகளோடும் தனித்தனி ஒப்பந்தங்கள் இன்றும் உண்டு. ஆயின், எச்சீட்டும் எங்கும் செல்லும் என்ற பழைய பொதுமை குன்றியுள்ளது. 2008 ஜூன் 1ஆம் திகதியோடு சங்கத்தின் காகிதச் சீட்டு வழக்கொழிந்து, கூப்பன்கள் கணினியின் ஏட்டில் எழுத்துகளாயின. கிழிக்கும் தாள் மறைந்தது. ஒருவர் கடனை மற்றொருவர் ஏற்கும் அடிப்படை மறையவில்லை.

இது வியாபாரிகளின் விவகாரம், எமக்கென்ன என்று கேட்போர் இருக்கலாம். கடல் கடந்து பரந்து வாழும் பிள்ளைகளை உடைய குடும்பங்கள் நிறைந்த நாடு இது. முதன்முறை விமானம் ஏறி, வயது முதிர்ந்த தாய் ஒருவர் மகளின் பேறுகாலத்துக்கு உதவியாக ரொறன்ரோ செல்கிறார் என்று கொள்வோம். இரண்டு கம்பனிகளில் இரண்டு மலிவுச் சீட்டுகள் தனித்தனியே வாங்கிக் கொடுத்தால் ஓரளவு பணம் மிஞ்சும். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதித்து வந்து, இரண்டாவது விமானம் புறப்பட்டுவிட்டால் நேர்வது என்ன? இரண்டாவது கம்பனியின் ஏட்டில் அவர் வராமற்போன பிரயாணி. முதற் கம்பனியின் ஏட்டில் அவர் சேருமிடம் சேர்ந்த பிரயாணி. இருவர் கணக்கிலும் பிழையில்லை; நடுவில் நிற்பவர் அந்தத் தாய். பொதியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க அந்நாட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தால், நுழைவு அனுமதியும் தனியே வேண்டியிருக்கும். ஒரே சீட்டாக இருப்பின், அது பிரிக்கப்படாத ஒரே பிரயாணம். அடுத்த விமானத்தில் இடம் தேடிக் கொடுப்பது கம்பனிகளின் பொறுப்பாகும். பொதியும் பெரும்பாலும் அவரைத் தொடர்ந்து செல்லும்.

ஆகவே, சீட்டு வாங்குவோர் முகவரிடம் மூன்று வினாக்களைத் தயங்காது கேட்டல் நன்று. முழுப் பிரயாணமும் ஒரே சீட்டில் எழுதப்பட்டுள்ளதா? பொதி இறுதி இடம் வரைக்கும் செல்லுமா? இணைப்பு விமானம் தவறினால் எக்கம்பனி பொறுப்பு? ஒரே பற்றுச்சீட்டில் இரு விமானங்களின் பெயர் இருப்பதனால் மாத்திரம் அது ஒரே சீட்டு ஆகிவிடாது. இரு வேறு சீட்டுகளை ஒன்றாக அடுக்கி விற்போரும் உளர். இளையோர், பொதி குறைந்தோர், இடையில் ஒரு நாள் தங்க வசதியுடையோர் தனிச் சீட்டுகளை வாங்கிப் பணத்தை மீதப்படுத்துவதிற் குற்றமில்லை. தாம் எதனை விற்று அம்மலிவை வாங்குகின்றனர் என்பதை அறிந்து வாங்கினாற் போதும்.

ஒன்றை இங்கு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். சீட்டு என்பது கடன் பத்திரம் போன்றது. எழுதியவர் முறிந்தால் அதுவும் முறியும். 2001 ஒக்டோபர் 2ஆம் திகதி, புகழ்பெற்ற சுவிஸ் எயார் கம்பனியின் விமானங்கள் எரிபொருளுக்குப் பணமின்றித் தரையில் நின்றன. அதன் சீட்டைக் கையில் வைத்திருந்தோர் பல நாடுகளின் விமான நிலையங்களில் தவித்தனர். நம்பிக்கையின் மேல் நின்ற அமைப்பு, நம்பிக்கை அற்றவிடத்து நில்லாது.

இத்தனை ஆண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கின், எம் முதல் வினாவுக்கு விடை கிடைக்கிறது. இரண்டாவது கம்பனி பிரயாணியை ஏற்றிச் செல்வது அன்பினாலும் அன்று, ஆணையினாலும் அன்று. மாத முடிவில் தன் பங்கு தன்னை வந்தடையும் என்று அது அறியும். அந்த உறுதியை அளித்தவர்கள் மாலுமிகளோ பொறியியலாளரோ அல்லர். தொடரிலக்கம் அச்சிட்ட நிலைய அலுவலரும், மைல்களைக் கூட்டிப் பங்கு பிரித்த எழுதுவினைஞருமே. போட்டியாளர் நண்பராக வேண்டியதில்லை, கணக்கு நேராக இருந்தாற் போதும் என்று அவர்கள் காட்டினர். அந்தக் கணக்கு இருக்குமிடத்தில் வழியிலே நேரும் இடரைக் கம்பனிகள் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. அது இல்லாதவிடத்து முழு இடரையும் பிரயாணியே சுமக்கிறார். மலிவுச் சீட்டின் விலையைப் பார்க்கும்பொழுது இச்சுமையையும் சேர்த்துப் பார்ப்பது அறிவுடைமையாகும்.